ஓடும் செதிலும்: தூத்துக்குடியிலிருந்து கொச்சி வரை ஐந்து நாட்கள்

முதல் நாள்: தூத்துக்குடி

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் மூலக்கூறுகள் பாடம் வரும்போதெல்லாம், செல்லுலோஸுக்கு அடுத்தபடியாக இயற்கையில் மிகுதியாகக் கிடைக்கும் பல்சர்க்கரை கைட்டின் என்றும், அது இறால் ஓட்டில் இருக்கிறது என்றும் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது என் வழக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் திரேஸ்புரத்து மாணவி ஒருத்தி எழுந்து, "அப்ப அந்த ஓட்ட என்ன சார் செய்வாங்க? எங்க பக்கம் குழி தோண்டித்தான் புதைக்காங்க" என்று கேட்டாள். புத்தகத்தில் இருந்த விடையைச் சொன்னேன்; அவளுக்கு அது போதவில்லை, எனக்கும் போதவில்லை. இந்தக் காலாண்டு விடுமுறையின் ஐந்து நாட்களை அந்தக் கேள்விக்காக ஒதுக்கி, கடற்கரையை ஒட்டியே கொச்சி வரை போய்வருவது என்று கிளம்பியிருக்கிறேன்.

காலையில் மீன் சந்தைக்குப் போனேன். மீன் வாங்குவோருக்கு வெட்டிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஓர் அக்காவின் அருகில், அவர் அனுமதியோடு, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அரிவாள்மனைக்கு இடப்பக்கம் ஒரு பெரிய சட்டி இருந்தது. செதில், செவுள், குடல், துடுப்பு எல்லாம் அதற்குள் போயின. வலப்பக்கம், முந்தானைக்கு மறைவாக, மூடியுள்ள சிறிய எவர்சில்வர் டப்பா ஒன்று இருந்தது. பெரிய கத்தாழை மீன் ஒன்றின் வயிற்றைக் கீறியபோது, குடலை இழுத்துச் சட்டியில் போட்டவர், முதுகெலும்பை ஒட்டியிருந்த வெள்ளைப் பையை மட்டும் இரண்டு விரலால் பதமாகப் பிரித்து எடுத்து டப்பாவுக்குள் வைத்தார். அதுதான் நெட்டி, அதாவது மீனின் காற்றுப்பை. பச்சையாக இருக்கும்போது ஊதிய பலூனின் தோலைப் போல வழுவழுப்பாக இருப்பதைக் கீறி, கழுவி, வெயிலில் காயவைத்தால் மாட்டுக்கொம்பு போல் இறுகி, தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் தகடாகிவிடுகிறது. கூறல் மீன் என்றால் நெட்டிக்காகவே ஏலம் ஏறும் என்றும், மீனின் விலையை நெட்டிதான் தீர்மானிக்கும் என்றும் அவர் சொன்னார்.

நெட்டி ஏறக்குறைய முழுக்க முழுக்கக் கொலாஜன் என்னும் புரதம். கிழக்காசிய நாடுகளில் அது சூப்புக்குப் போகிறது. ஐரோப்பாவில் பீரையும் ஒயினையும் தெளியவைக்கப் பல நூறு ஆண்டுகளாகப் பயன்பட்டிருக்கிறது. மதுவில் மிதக்கும் ஈஸ்டின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டமும் கரைந்த கொலாஜனில் நேர்மின்னூட்டமும் இருப்பதால், இரண்டும் சேர்ந்து திரண்டு அடியில் படிந்துவிடுகின்றன. நாம் தேத்தாங்கொட்டையை உரசிக் கலங்கல் தண்ணீரைத் தெளியவைப்பதும் ஏறத்தாழ இந்தக் குடும்பத்து வித்தைதான்.

சட்டியில் கிடந்ததற்கு என்ன விலை என்று கேட்டேன். விலையெல்லாம் இல்லை, சாயங்காலம் வண்டிக்காரன் எடுத்துக்கொண்டு போவான், சில நாள் வரவும் மாட்டான் என்றார். அந்தச் சட்டியிலிருந்து விளமீன் செதில் ஒரு பிடியைக் கேட்டு வாங்கி, அறைக்கு வந்து நன்றாகக் கழுவி, கண்ணாடிக் குப்பியில் வினிகர் ஊற்றி ஊறவைத்திருக்கிறேன்.

இரண்டாம் நாள்: குமரிக் கடற்கரை

இன்று பெரும்பாலும் பேருந்திலேயே கழிந்தது. நேற்றுச் சேகரித்த இறால் ஓட்டைப் பாலித்தீன் பையில் கட்டி, அதை இன்னொரு பையில் போட்டு, புத்திசாலித்தனமாகச் செயல்பட்டதாக நினைத்திருந்தேன். வள்ளியூர் தாண்டுவதற்குள் முன்னிருக்கைப் பெரியவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது முறை நடத்துநர் வந்தார். ஆரல்வாய்மொழியில் இறங்கி அதைக் குப்பைத்தொட்டியில் போட வேண்டியதாயிற்று. இறால் தலையிலுள்ள செரிமான நொதிகள், இறால் செத்த பிறகும் தம் வேலையை நிறுத்துவதில்லை. தன் உடலைத் தானே செரித்துக்கொள்ளத் தொடங்கிவிடுகிறது. இந்த உண்மையைப் பாடமாகப் படிப்பதற்கும் நாற்பது பேருக்கு நடுவில் மடியில் வைத்துக்கொண்டு உணர்வதற்கும் வேறுபாடு உண்டு.

நாகர்கோவிலுக்கு அருகே நண்பர் ஒருவர் வாழைத்தோட்டம் வைத்திருக்கிறார். அவர் சாளைக் கழிவையும் நாட்டு வெல்லத்தையும் சம எடையில் பிசைந்து, பிளாஸ்டிக் வாளியில் மூடி வைத்து, மூன்று வாரம் கழித்து வடித்தெடுக்கும் மீன் அமிலத்தைப் பத்து லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி கலந்து தெளிக்கிறார். வாளியைத் திறந்து காட்டியபோது வாடைக்குப் பதிலாகப் பழம் புளித்த மணம் வந்தது. வெல்லம் ஈரத்தை இழுத்துக்கொள்ள, புளிக்கவைக்கும் நுண்ணுயிரிகள் அமிலத்தைச் சுரக்க, அழுக வைக்கும் கிருமிகள் அடங்கிவிட, மீனின் சொந்த நொதிகளே புரதத்தை அமினோ அமிலங்களாக உடைத்துக் கொடுக்கின்றன. ஆய்வுக்கூடத்தார் வெல்லத்துக்குப் பதிலாக மூன்று சதவீத அளவுக்கு ஃபார்மிக் அமிலத்தைச் சேர்த்து இதையே செய்து, சைலேஜ் என்று பெயரிட்டுக் கால்நடைத் தீவனத்துக்கும் உரத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். நண்பருக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் கழிவு வீட்டுக்கு வந்த அன்றே வாளியில் இறங்கிவிட வேண்டும், மறுநாள் ஆனால் புழு வைத்துவிடும் என்பது தெரிந்திருக்கிறது.

மாலையில் தூத்தூர் வரை போனேன். ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பெயர் பெற்ற ஊர். ஆழத்தில் வாழும் சில சுறாக்களின் ஈரல் எண்ணெயில் பெரும்பங்கு ஸ்குவாலின் என்னும் பொருள். 1906இல் ஜப்பானிய வேதியியலர் சுஜிமோட்டோ கண்டறிந்தது. இன்று முகப்பூச்சுகளிலும், தடுப்பூசியின் வீரியத்தைக் கூட்டும் சில கலவைகளிலும் இருக்கிறது. ஒரு காலத்தில் ஈரல் என்பது சுறாவை அறுத்தபின் மிஞ்சும் பொருள்களில் ஒன்று. அதற்கு விலை வந்தபின், ஈரலுக்காகவே சுறாவைத் தேடிப் போகும் நிலை வந்தது. மிக மெதுவாக இனம்பெருக்கும் அந்தச் சுறாக்களுக்கு அது தாங்கவில்லை. கழிவிலிருந்து பொருள் எடுப்பது எல்லா இடத்திலும் நல்லதாகவே முடியும் என்று எழுத எனக்குத் தயக்கமாக இருப்பது இதனால்தான்.

மூன்றாம் நாள்: நீண்டகரை

கொல்லத்தைத் தாண்டியதும் அஷ்டமுடிக் காயல் கடலில் சேரும் முகத்துவாரத்தில், பாலத்துக்கு இந்தப் பக்கம் சக்திகுளங்கரையும் அந்தப் பக்கம் நீண்டகரையுமாக இரண்டு துறைமுகங்கள் எதிரெதிரே கிடக்கின்றன. இந்தியாவின் இறால் ஏற்றுமதிக் கதை பெருமளவில் இங்கிருந்துதான் தொடங்குகிறது. 1952இல் ஐக்கிய நாடுகள் அவை, நார்வே, இந்தியா ஆகிய மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, அடுத்த ஆண்டு இந்தோ–நார்வே திட்டம் இக்கரைக்கு வந்தது. உள்ளூர் மக்களின் சாப்பாட்டுக்கு நிறைய மீன் கிடைக்கவேண்டும் என்ற எண்ணத்தில் வந்த விசைப்படகும் ஐஸ் ஆலையும் குளிர்பதனக் கூடமும், கடைசியில் வெளிநாட்டுத் தட்டுக்கு இறால் அனுப்பும் தொழிலை வளர்த்துவிட்டன. இறாலின் சதை கப்பலேறியது. தலையும் ஓடும் இந்தக் கரையிலேயே தங்கிவிட்டன.

தடைக்காலம் ஜூலையோடு முடிந்து, கரிக்காடி இறால் குவியும் பருவத்தின் கடைசிப் பகுதியில் நான் வந்திருக்கிறேன். கேரள அரசின் மீனவர் கூட்டுறவு இணையமான மத்ஸ்யஃபெட், மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தின் செய்முறையைப் பெற்று, நீண்டகரையிலேயே கைட்டின், கைட்டோசான் தயாரிக்கும் கூடத்தை அமைத்திருக்கிறது. நான் உள்ளே சென்று பார்த்தது அதுவன்று. பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்ட சிறிய தனியார் ஆலை ஒன்று.

ஆலை என்றதும் மனத்தில் எழுந்த படம் வேறு. நேரில் பார்த்தது, தகரக் கூரைக்குக் கீழே நான்கு தொட்டிகளும் ஒரு கொதிகலனும் பெரிய சிமென்ட் களமும்தான். முதல் தொட்டியில் நீர்த்த காஸ்டிக் சோடாவில் ஓட்டை வேகவைத்துப் புரதத்தைப் பிரிக்கிறார்கள். கழுவியபின், இரண்டாம் தொட்டியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஓட்டிலுள்ள கால்சியம் கார்பனேட்டோடு அமிலம் சேர்ந்ததும் கார்பன் டை ஆக்சைடு கிளம்பி, அடுப்பில் பால் பொங்குவதுபோல் இளஞ்சிவப்பு நுரை தொட்டியின் விளிம்பைத் தாண்டி எழுந்தது. மூங்கில் கழியோடு காத்திருந்த தொழிலாளி நுரையை அடித்து அடித்து இறக்கினார். அமிலத்தை ஒரே மூச்சில் ஊற்றினால் பாதிச் சரக்கு தரையில்தான் கிடக்கும் என்றார். நுரைக்கு நிறம் கொடுப்பது அஸ்டாக்சாந்தின் என்னும் நிறமி. பச்சை இறாலில் அது புரதத்தோடு பிணைந்து சாம்பல் நீலமாகத் தெரிகிறது. வெந்ததும் பிணைப்பு விட்டுச் சிவப்பாகிவிடுகிறது.

புரதமும் சுண்ணாம்பும் போனபின் மிஞ்சுவது கைட்டின். உலர்ந்த ஓட்டில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை தேறும். களத்தில் காய்ந்துகொண்டிருந்ததைக் கையில் அள்ளினேன்: வெங்காயத் தோலைவிட மெல்லிசாக, எடையே இல்லாத வெளிர்நிறச் செதில்கள், வாடை சிறிதும் இல்லை. அதில் ஒரு பகுதியை 40 முதல் 50 சதவீதக் காஸ்டிக் கரைசலில் 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் வேகவைக்கும்போது, மூலக்கூறிலுள்ள அசெட்டைல் தொகுதிகள் பெரும்பாலும் கழன்று கைட்டோசான் கிடைக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆலைக்காரர் இரண்டு டம்ளரில் வினிகர் ஊற்றி இரண்டையும் தனித்தனியே போட்டார். கைட்டின் அப்படியே கிடந்தது. கைட்டோசான் மெல்ல ஊதி, கஞ்சிபோல் குழைந்து கரைந்தது. 1811இல் பிரான்சின் பிராகனோ காளானிலிருந்து கைட்டினைப் பிரித்ததும், 1859இல் ரூஜே அதைச் செறிந்த காரத்தில் கொதிக்கவைத்து அமிலத்தில் கரையும்படி செய்ததும் நான் கரும்பலகையில் எழுதிய ஆண்டுகள். டம்ளரில் அதைப் பார்க்க எனக்கு இத்தனை வயதாகியிருக்கிறது.

குறையையும் எழுதவேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் காரமும் அமிலமும் போகும்வரை கழுவ வேண்டியிருப்பதால், இந்தத் தொழில் தண்ணீரைக் குடிக்கிறது. வெளியே வருவது உப்பும் புரதமும் கலந்த கழிவுநீர். அதைச் சுத்திகரிக்காமல் விட்டால், ஒரு கழிவை நீக்க இன்னொரு கழிவைப் பெற்றதாகத்தான் ஆகும். லாக்டிக் அமில நுண்ணுயிரிகளைக் கொண்டு, நண்பரின் வாளியில் நடந்ததைப் போலவே, ஓட்டைப் புளிக்கவைத்துச் சுண்ணாம்பையும் புரதத்தையும் பிரிக்கும் முறைகள் உள்ளன. காலம் பிடிக்கும், தூய்மையும் சற்றுக் குறையும் என்பதால் ஆலைகள் தயங்குகின்றன.

கிளம்பும்போது, உங்களுக்குப் பெரிய தொல்லை எது என்று கேட்டேன். தண்ணீரையோ காஸ்டிக் விலையையோ சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "ஓடு வந்து சேரும் நேரம்" என்றார். பழசாகிப்போன ஓட்டிலிருந்து எடுத்த கைட்டோசானின் சங்கிலிகள் குட்டையாக உடைந்திருக்கும்; கரைசலில் பிசுபிசுப்பு ஏறாது; மருந்துக்கு வாங்குபவர்கள் தொடமாட்டார்கள்.

நான்காம் நாள்: சந்திரூர்

சேர்த்தலையிலிருந்து அரூர் வரையிலான நெடுஞ்சாலையின் இருபுறமும் இறால் உரிக்கும் ஷெட்டுகளும் ஏற்றுமதி நிறுவனங்களும் நெருங்கிக் கிடக்கின்றன. உயர்மட்டச் சாலைப் பணியால் வண்டி ஊர்ந்துதான் போனது. ஊர் வந்துவிட்டதை மைல்கல்லுக்கு முன்பே மூக்கு சொல்லிவிடும். நேற்றைய ஆலைக்காரரின் சிபாரிசில், விடியற்காலையில் ஒரு ஷெட்டுக்குள் நிற்க இடம் கிடைத்தது.

குளோரின் கலந்த தண்ணீரில் காலை நனைத்து, தலையில் தொப்பி மாட்டிக்கொண்டுதான் உள்ளே போகமுடியும். எவர்சில்வர் மேசைகளின் இருபுறமும் முப்பது பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு அருகில் நின்ற சேச்சிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்த வேலை என்றார். இடது கையில் இறாலை எடுத்தபோதே தலை கழன்றுவிட்டிருந்தது. வலது கட்டைவிரல் வயிற்றுப்பக்கம் நுழைந்து ஒரு சுழற்று சுழற்றியதும், ஓடு ஒரே துண்டாக வளைந்து விழுந்தது. சதை பனிக்கட்டித் தட்டுக்குப் போயிற்று. ஓர் இறாலுக்கு இரண்டு விநாடிகூட ஆகவில்லை. நான் முயன்று பார்த்த முதல் இறாலின் வால் பிய்ந்து வந்தது. தலையை மட்டும் நீக்கினால் ஹெட்லெஸ், ஓட்டோடு குடல் நரம்பையும் எடுத்தால் பி.டி., நரம்பை விட்டுவிட்டால் பி.யு.டி. என்று இறாலை உரிக்கும் விதத்துக்கு ஏற்பப் பெயர். உரித்த தட்டின் கணக்குக்குக் கூலி. பனிநீரில் ஊறி ஊறி அவருடைய விரல்நுனிகளில் ரேகைகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. இரண்டு விரலில் துணி சுற்றியிருந்தார். இறாலின் தலைமுள் குத்தினால் இரண்டு நாள் வலிக்குமாம்.

நான் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். சதைத் தட்டில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பனிக்கட்டி விழுந்தது; ஒரு பையனுக்கு அது மட்டுமே வேலை. ஓடும் தலையும் மேசைக்குக் கீழிருந்த கூடையில் விழுந்து, கூடை நிறைந்ததும் வெளியே வெயிலில் நின்ற நீல டிரம்முக்குப் போயின. முதல் டிரம் காலை 6.10க்கு நிறைந்தது. அதை எடுத்துப்போக வண்டி வந்தபோது மணி 11.30. ஐந்தேகால் மணி நேரத்துக்கும் மேலாக அதன்மேல் ஒரு பிடி பனிக்கட்டியும் விழவில்லை. ஒன்பது மணிக்கே மேலிருந்த தலைகள் கறுக்கத் தொடங்கிவிட்டன. காற்றுப் பட்டதும் நொதிகள் செய்யும் வேலை, வெட்டிவைத்த கத்தரிக்காய் கறுப்பதுபோல.

முழு இறாலின் எடையில் தலையும் ஓடுமாக ஏறத்தாழப் பாதி போய்விடும். 2023–24ஆம் ஆண்டில் இந்தியா ஏற்றுமதி செய்த உறைந்த இறால் 7.16 லட்சம் டன். அதில் பெரும்பங்கு தலையை இங்கே விட்டுவிட்டுத்தான் போயிருக்கும். ஆய்வுக்கட்டுரைகளில் "கழிவிலிருந்து செல்வம்" என்று படிக்கும்போது, அந்தச் செல்வம் எந்த இடத்தில் கைநழுவுகிறது என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. மேசைக்குக் கீழே, கூடைக்கும் டிரம்முக்கும் நடுவில், யாருடைய கூலியிலும் கணக்கிலும் சேராத அந்த ஐந்து மணி நேரத்தில்தான் அது நழுவுகிறது என்பது என் எண்ணம். ஓட்டுக்கும் பனிக்கட்டி போடலாமே என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். பனிக்கட்டியின் விலையைச் சொல்லி, ஓட்டுக்குக் கிடைக்கும் விலையையும் சொன்னார். பதில் அதிலேயே இருந்தது.

சேச்சி என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: இந்த ஓட்டைக் கொண்டுபோய் என்ன செய்கிறார்கள்? திரேஸ்புரத்துப் பெண் கேட்ட அதே கேள்வி. நாளை தெரிந்துகொண்டு வருகிறேன் என்றேன்.

ஐந்தாம் நாள்: வில்லிங்டன் தீவு

கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்த 1920களிலும் 30களிலும் தோண்டியெடுத்த சேற்றைக் கொட்டி உருவாக்கிய தீவு இது. மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அந்தத் தீவில் இருப்பது பொருத்தமாகவே பட்டது. 1957இல் தொடங்கப்பட்ட நிறுவனம். படகு, வலை, பதனிடுதல் ஆகியவற்றோடு, மிஞ்சியவற்றைப் பயனாக்கும் ஆய்வும் இங்கே நெடுங்காலமாக நடக்கிறது. மீன் குடலிலிருந்து எடுத்த, உடலுக்குள் தானே கரைந்துபோகும் அறுவைசிகிச்சைத் தையல் நூல், நெட்டியிலிருந்து தெளிவூட்டி, செதிலிலிருந்து கொலாஜன் பெப்டைடு, ஓட்டிலிருந்து கைட்டோசான் என்று இங்கு உருவான பொருள்களின் வரிசை நீளம்.

முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்றிருந்ததால், ஆய்வாளர் ஒருவர் எனக்காக நேரம் ஒதுக்கினார். காயலிலிருந்து மொண்ட கலங்கல் தண்ணீரை முகவையில் எடுத்து, கைட்டோசான் கரைசலைச் சில சொட்டுகள் விட்டு மெதுவாகக் கலக்கினார். சற்று நேரத்தில் தண்ணீருக்குள் பஞ்சுத் துணுக்குகள் போலக் களிமண் திரண்டது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அடியில் இறங்கி, மேலே தெளிந்துவிட்டது. அமிலக் கரைசலில் கைட்டோசான் நேர்மின்னூட்டம் பெறுகிறது. களிமண் துகள் எதிர்மின்னூட்டம் கொண்டது. முதல் நாள் நெட்டியில் பார்த்த அதே கணக்கு. சிவப்பணுக்களின் மேற்பரப்பும் எதிர்மின்னூட்டம் கொண்டிருப்பதால், காயத்தில் வைத்த கைட்டோசான் கட்டு, இரத்தத்தின் உறைகாரணிகளை எதிர்பாராமலே அணுக்களைத் திரட்டி அடைப்பை உண்டாக்குகிறது. 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இத்தகைய கட்டுகள் போர்முனைக்குப் போயின. கைட்டினை அமிலத்தில் உடைத்துப் பெறும் குளுக்கோசமைன் மூட்டுவலி மாத்திரையாகிறது. என் அம்மாவும் சில காலம் விழுங்கினார்கள். பயன் குறித்து மருத்துவ ஆய்வுகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. உடல் எடையைக் குறைக்கும் என்று விற்கப்படும் கைட்டோசான் மாத்திரைகளில் எனக்கு நம்பிக்கை இன்னும் குறைவு. ஆய்வுகளில் தெரிந்த குறைப்பு மிகச் சிறிது.

பேச்சு மீன்தோலுக்குத் திரும்பியது. பிரேசிலின் ஃபோர்ட்டலேசா நகரில் திலாப்பியாத் தோலைக் கிருமிநீக்கித் தீக்காயத்தின்மேல் ஒட்டுகிறார்கள். ஐஸ்லாந்தின் இசாஃபியோர்தர் என்னும் சிறு மீன்பிடி ஊரில் தொடங்கிய கெரெசிஸ் நிறுவனம், காட் மீன் தோலிலிருந்து ஆறாப் புண்ணுக்கான ஒட்டுத்தோல் செய்து, 2013இல் அமெரிக்க அனுமதி பெற்று, 2023இல் டென்மார்க்கின் கோலோபிளாஸ்ட் நிறுவனத்தின் கைக்குப் போனது. அவர்களால் முடிந்தது எதனால் என்று கேட்டேன். ஆய்வாளர் வேதியியலைப் பற்றிப் பேசவில்லை. எந்தப் படகு, எந்த நாள், அறுத்து எத்தனை நேரம் என்பது தோலோடு சேர்ந்தே வருகிறது என்றார். நேற்றைய கடிகாரக் குறிப்பை அவரிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார், மகிழ்ச்சியான சிரிப்பன்று.

விடைபெறும்போது, கைட்டோசான் கரைசலைத் தட்டில் ஊற்றி உலர்த்திய மெல்லிய படலம் ஒன்றைத் தந்தார். அறைக்கு வந்து தூத்துக்குடிக் குப்பியைத் திறந்தேன். நான்கு நாள் வினிகரில் ஊறிய விளமீன் செதில், தன் தாது உப்பை இழந்து, நகம்போல் விறைத்திருந்த தன்மை போய், ஈரக் காகிதமாக வளைந்தது, மிஞ்சியிருப்பது கொலாஜன். கீழே வைத்த எழுத்துகள் அதனூடே தெரிந்தன.

மாலை நான்கு மணிக்கு மீண்டும் சந்திரூருக்குப் போனேன். சேச்சி வேலை முடிந்து வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தார். படலத்தைக் கையில் கொடுத்து, நீங்கள் உரித்த ஓடு போன்றதுதான் இப்படி ஆகிறது, காயத்தில் வைத்தால் இரத்தம் நிற்கும் என்றேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. முதலில் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். வாடை இல்லை என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்தார். அவரும் மோந்து பார்த்தார். பிறகு சேச்சி தம் விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, தலைமுள் குத்திய இடத்தைக் காட்டி, இதில் வைக்கலாமா என்று கேட்டார். இது ஆய்வுக்கூடத்தில் காட்சிக்குச் செய்தது, கிருமி நீக்காதது, வைக்கக்கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. துணியை மறுபடி சுற்றிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்; எங்களுக்குப் பின்னால் நீல டிரம் மூடியில்லாமல் நின்றிருந்தது.